போன் பூட்டும் பெட்டிக்கு மூன்று நட்சத்திரம்

பெட்டி வேலை செய்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடியில் இருக்கும் திருகைத் திருப்பி நேரம் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினால் ஐந்து நொடி எண்ணிவிட்டு டொக் என்று பூட்டிக்கொள்ளும், அப்புறம் நேரம் முடிகிற வரைக்கும் நீங்கள் அழுதாலும் புரண்டாலும் திறக்காது. ஒரு நிமிடத்தில் இருந்து பத்து நாள் வரைக்கும் வைக்கலாம். கவர் போட்ட போன் மூன்று உள்ளே போகும், நான்காவதைத் திணித்தால் மூடி உட்காராது. 2,150 ரூபாய் கொடுத்தேன், மூன்றாம் நாள் திருப்பூருக்கு வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கதை கொஞ்சம் நீளம்.

பெட்டியோடு 24 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமும் வருகிறது. நவீன வாழ்க்கைக்கு யூத ஞானம் என்று அட்டையில் தங்க எழுத்து. விற்கிறவர்கள் இதை வெறும் டப்பாவாக விற்கவில்லை, யூதர்கள் வாரம் ஒருநாள் கடைப்பிடிக்கிற சபத் என்னும் ஓய்வுநாளை நம்மைப் போன்றவர்கள் பழகிப் பார்க்க உதவும் கருவி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நான் காசு கொடுத்ததும் அந்த ஒரு வரிக்காகத்தான், ஏனென்றால் சபத் எனக்கு முன்பே பழக்கம். பழக்கம் என்றால், அதன்மேல் கடுப்பாகி இருந்த பழக்கம்.

கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் சொந்தமாகப் போடுவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். நியூயார்க்கில் ஒரு பையர், யூதர். வாரம் பூராவும் நேரங்காலம் பார்க்காமல் மெயில் போடுகிற மனிதர், வெள்ளிக்கிழமை அவர் ஊரில் பொழுது சாய்ந்தால் ஆள் இருக்கிற இடம் தெரியாது. குளிர்காலத்தில் அங்கே நாலரைக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும், நமக்கு அது சனிக்கிழமை விடியக்காலை மூன்று மணி. அதிலிருந்து ஞாயிறு விடியும் வரைக்கும், லேப் டிப் என்னும் சாய மாதிரிக்கு அவர் சரி சொல்வதற்காகச் சாயப்பட்டறை காத்துக்கிடந்தாலும் சரி, கண்டெய்னர் தூத்துக்குடியில் நின்றாலும் சரி, பதில் வராது. அவரை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது வெள்ளிக்கிழமை பொழுதோட ஹோட்டலில் லிஃப்ட் இருக்க ஆறாவது மாடிக்குப் படியேறினார், பின்னாலேயே சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறின எனக்கு மூச்சு வாங்கியது. ஏன் சார் இப்படி என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்புறம் நானும் தேடிப் படித்தேன். சபத்தன்று செய்யக்கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் வருவது, 'நாற்பதில் ஒன்று குறைய' என்று கணக்குச் சொல்லும், அதாவது 39. உழுவது, விதைப்பது, அறுப்பது, போர் அடிப்பது, தூற்றுவது, மாவரைப்பது, சுடுவது என்று முதல் பதினொன்று ரொட்டிக்கு. அடுத்த பதின்மூன்றும் துணிக்கு! கம்பளி கத்தரிப்பது, வெளுப்பது, சிக்கெடுப்பது, சாயம் போடுவது, நூற்பது, பாவு போடுவது, நெய்வது, முடிச்சுப் போடுவது, அவிழ்ப்பது, இரண்டு தையல் தைப்பது, தைப்பதற்காகக் கிழிப்பது. அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகத் தெரிகிற போர்டுகளை யாரோ வரிசையாக எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. எழுதுவது, கட்டுவது, தீ மூட்டுவது, அணைப்பது எல்லாம் மீதியில் வரும். கடைசிக்கு இரண்டு முன்னால் தீ மூட்டுவது, அதற்கடுத்து 'சுத்தியலின் கடைசி அடி', என்றால் ஒரு பொருளை முடித்துக் கொடுக்கும் வேலை. துணியில் ஒட்டிக்கிடக்கும் பிசிறை எடுத்துச் சுத்தம் செய்வதையும், மிஷ்னாவை அலசி விவாதிக்கிற தல்மூத் என்னும் நூல் இந்த வகையில்தான் சேர்க்கிறது. எங்கள் செக்கிங் டேபிளில் நாள் பூராவும் பிசிறு வெட்டுகிற அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவுங்களுக்காச்சும் தெரிஞ்சிருக்குதே இது வேலைன்னு" என்றது.

போன் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது. மின்சாரம் வந்த பிறகு அது தீயில் சேருமா கட்டுவதில் சேருமா என்று ரபிகள், அதாவது அவர்கள் மத குருமார்கள், விவாதித்து, ஆசாரமான யூதர்கள் சபத்தில் சுவிட்சைத் தொடுவதில்லை என்ற இடத்துக்கு வந்தார்கள். எல்லா யூதர்களும் அவ்வளவு கெடுபிடியும் இல்லை. எனக்குப் பிடித்தது அதன் பின்னால் இருக்கிற யோசனை. உடம்பு அலுப்பு கணக்கே இல்லை, எதையும் புதிதாக உண்டாக்காமல் ஒருநாள் இரு என்பதுதான் கணக்கு. பாரமான மேசையை வீட்டுக்குள்ளேயே நகர்த்தினால் அந்த 39-இல் எதிலும் வராது, இரண்டு எழுத்து எழுதினால் வந்துவிடும்.

புத்தகம் இதையெல்லாம் விட்டுவிட்டு 'போனை உள்ளே வை, மெழுகுவர்த்தி ஏற்று, ஆழமாக மூச்சு விடு' என்று மூன்று படியில் முடித்துவிடுகிறது. அந்த மெழுகுவர்த்தியையும் அவர்களே விற்கிறார்கள், லாவெண்டர் வாசனை, தனிக்காசு. நாங்கள் வாசலில் அகல் வைத்தோம்.

முதல் வாரம் முறைப்படிதான் செய்தேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய 18 நிமிடம் முன்னாலேயே விளக்கு ஏற்றுவது அவர்கள் வழக்கம், அதே மாதிரி பெட்டியை மூடி 25 மணி நேரம் வைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். கம்பெனிக்காரர் பணம் போட்டாரா என்று தெரியவில்லை, நூல்கோன் கொண்டுவந்த பையன் யாரிடம் பில் வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறான், ஓவர்லாக் மிஷின் மெக்கானிக்குக்கு வழி தெரியவில்லை, எல்லோரும் என் வீட்டுக்காரிக்குப் போட்டார்கள். பெட்டி கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருப்பதால் உள்ளே என் போன் மினுக்மினுக்கென்று எரிவதும் யார் கூப்பிடுகிறார்கள் என்பதும் வெளியிலேயே தெரிகிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே அருகில் ஞானியாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். மதியம் சோறு போடும்போது சொன்னாள்: "நீங்க பொட்டில வச்சது போனை மட்டுந்தானுங்க. சோலியத்தனையும் எங்கையில குடுத்துட்டீங்க."

அன்றைக்கு மேலவீட்டு டீச்சரம்மாவிடம் பைபிளை வாங்கிவந்து யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தைத் தேடி எடுத்தோம். புத்தகத்தில் 'ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். மூலத்தில் அதற்குக் கீழே யார்யாருக்கு ஓய்வு என்று ஒரு வரிசை இருக்கிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் கால்நடை, உன் வாசலுக்குள் இருக்கிற வெளியூர்க்காரன். என் வீட்டுக்காரி இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டாள், "இதுல பொண்டாட்டி எங்கீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில், 'நீ' என்பதிலேயே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அடக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள். அதை அவளிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு போனும் உள்ள போகட்டும்" என்று முடித்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த வாரமும் ஒரு போன் தனியாக உள்ளே போனதில்லை.

அந்த வரிசையில் மாடு இருந்ததுதான் எனக்கு நின்று யோசிக்க வைத்தது. எங்கள் அப்பாரு அமாவாசையன்று ஏர் பூட்டமாட்டார். மாடுகளைக் கட்டுத்தாரையிலேயே விட்டுவிட்டு அவரும் திண்ணையில் கிடப்பார், கேட்டால் அது அப்படித்தான் என்பார். மாட்டுக்கு லீவு விட்ட வீட்டில் பிறந்துவிட்டு, பன்னிரண்டு மிஷின் போட்ட பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே டெய்லர்களுக்குப் போன் போடுகிற ஆளாக ஆகியிருந்தேன். ஓர் அரை ஷிப்ட் வந்துட்டுப் போ சாமி, ஷிப்மென்ட் நிக்குது என்று. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இதே கட்டளை மறுபடி வருகிறது, அங்கே காரணமும் சொல்லியிருக்கிறது, உன் வேலைக்காரனும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும் என்று. வாசலுக்குள் இருக்கிற வெளியூர்க்காரன் எங்களுக்குக் கதையில் வருகிற ஆளும் இல்லை. பீகார், ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் யூனிட் காம்பவுண்டுக்குள்ளேயே ரூமில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட போன்கூட வேண்டாம், ஜன்னலில் தட்டினால் போதும்.

பெட்டி அதை நிறுத்தியது. அதாவது என் போன் உள்ளே இருந்தால் எனக்கு வருகிற அழைப்பு நிற்கிறது என்று வாங்கினேன், என்னிடமிருந்து போகிற அழைப்பு நின்றதுதான் பெரிய வேலை. மூன்றாவது வாரம் ஓர் அக்கா என் வீட்டுக்காரியிடம், "அண்ணன் ஞாயித்துக்கெழம போனே பண்றதில்லீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று வெசனமாகக் கேட்டதாம்.

இரண்டாவது வாரத்தில் இருந்தே நாளை மாற்றிக்கொண்டேன், சனிக்கிழமை பொழுதோட மூடினால் ஞாயிறு பொழுதோட திறப்பு. இது சபத் கிடையாது, நாளைத் தன் வசதிக்கு நகர்த்துகிற உரிமை எந்த யூதருக்கும் இல்லை, நான் யூதனும் இல்லை. அவர்களுக்கு அது கடவுளோடு செய்த உடன்படிக்கை, எனக்கு அதிலிருந்து கைமாத்தாக வாங்கின ஒரு பழக்கம். புத்தகம் இந்த வித்தியாசத்தை ஒரு வரியில்கூட ஒத்துக்கொள்ளாதது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் போனபோது மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தைப் பார்க்கப் போனோம். சனிக்கிழமை. பூட்டியிருந்தது. சபத்தைப் பற்றி அந்தக் கதவு சொன்ன அளவுக்கு இந்த 24 பக்கம் சொல்லவில்லை.

நாளை மாற்றியதில் இன்னொன்று வந்து மாட்டியது. சனிக்கிழமை எங்கள் யூனிட் ஐந்தரைக்கு விடும், பொழுது ஆறேகால் ஆறரைக்கு விழும், நடுவில் இருக்கிற நேரம்தான் சம்பளம். யூதர்களின் வேதமான தோராவில், அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களில், கூலியைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது: அன்றன்றைய கூலிக்காரனுக்கு அன்றைக்கே கொடு, சூரியன் அதன்மேல் அஸ்தமிக்க விடாதே, அவன் ஏழை, அவன் மனசு அதன்மேலேயே இருக்கிறது. தல்மூத்தில் இதற்கு ஒரு கேள்வி கேட்கிறார்கள். இந்த மனிதன் ஏணியில் ஏறினது, மரத்தில் தொங்கினது, சாவுக்குத் துணிந்தது எல்லாம் எதற்கு, அவன் கூலிக்காகத்தானே? இதைப் படித்த சனிக்கிழமை கம்பெனியில் இருந்து எனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது, இது அறுபதைத் தாண்டிவிட்டது. வழக்கமாக நான் செய்வது, ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு மிச்சம் திங்கட்கிழமை என்பது, அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பெட்டி மேசைமேல் இருந்தது. அவர்கள் காசை என் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்க ஒரு டப்பாவை மூடுவது எப்படி? மச்சானுக்குப் போன் போட்டுக் கைமாத்து வாங்கிக் கொடுத்து முடித்தபோது மணி ஆறு பத்து. மூடினேன்.

கூலியைப் பற்றிப் புத்தகத்தில் எத்தனை பக்கம் என்று கேட்டால், இல்லை. நன்றி உணர்வுக்கு நான்கு பக்கம் இருக்கிறது.

நாக்கைப் பற்றிய பக்கங்கள் மட்டும் உருப்படியானவை. லஷோன் ஹரா என்று சொல்கிறார்கள், கெட்ட நாக்கு. அடுத்தவனைப் பற்றிப் பொய் சொல்வது தனிக்குற்றம், இது உண்மையாகவே இருந்தாலும் அவனைத் தாழ்த்துகிற பேச்சைப் பேசாதே என்பது. சொன்னவன், கேட்டவன், சொல்லப்பட்டவன் என்று மூன்று பேரையும் அது கொல்லும் என்கிறது தல்மூத். எங்கள் பங்காளி வாட்சப் குரூப்பை நினைத்துக்கொண்டேன், மூன்று பேரோடு நிற்கிற குரூப்பா அது. ஆனால் இங்கேயும் பாதியை விட்டுவிட்டார்கள். 1873-இல் இந்தப் பேச்சு விதிகளை ஒரே நூலாகத் தொகுத்த ரபி இஸ்ரேல் மேயர் ககன் ஒரு விலக்கும் வைத்திருக்கிறார். ஒருத்தன் ஏமாறப் போகிறான் என்றால் அவனை எச்சரிக்கலாம், ஆனால் நீயே தீர விசாரித்திருக்க வேண்டும், கூட்டிச் சொல்லக்கூடாது, பழைய பகையைத் தீர்க்கச் சொல்லக்கூடாது. ஜாப் ஒர்க்காரர்கள் எங்களுக்குள் 'அங்கே வேலை எடுக்காதீங்க, பணம் இழுத்தடிப்பாங்க' என்று சொல்லிக்கொள்வது பிழைப்புக்குத் தேவை, அதை எப்படிச் சொல்வது என்பதற்கு இதைவிடக் கறாரான அளவு எனக்குக் கிடைக்கவில்லை. நானும் இரண்டு இடத்தில் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்பது அளந்து பார்த்தபோது தெரிந்தது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். கண்ணாடி உடம்பு பெரிய தப்பு. மகள் வேஸ்ட் துணியில் கறுப்பு இன்டர்லாக் துண்டு ஒன்றை எடுத்து உறை தைத்துவிட்டாள், இப்போது உள்ளே எரிந்தாலும் தெரியாது, போனை அணைத்துவிட்டே வைப்பதால் எரிவதும் இல்லை. யூதர்கள் இதை வேலி என்பார்கள், தோராவைச் சுற்றி ஒரு வேலி போடு என்பது அவர்கள் பழமொழி போன்ற வாசகம், மீறக்கூடாததற்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொள்வது. காங்கயம் பக்கம் மாடு மேய்கிற கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டி செய்தவர்கள் கொஞ்சம் மங்கலான பிளாஸ்டிக் போட்டிருந்தால் எங்கள் வேலி மிச்சம்.

அவசரத்துக்குத் திறக்க வழியே இல்லை. உடைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதுவும் 'எல்லாம் நாளை வரை காத்திருக்கும்' என்று பக்கம் ஏழில் உபதேசம் செய்துவிட்டு. எங்கள் அப்பாவுக்கு பிரஷர், காத்திருக்காது. யூதச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது, பிக்குவாக் நெஃபெஷ், ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் சபத்தை மீறலாம் என்றுகூடச் சொல்வதில்லை, மீறியே ஆகவேண்டும் என்கிறார்கள். ஆகவே ஒரு பட்டன் போன் வாங்கி, அதன் நம்பரை அம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் மச்சானுக்கும் மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை அடித்தது. மச்சான், கைமாத்து எப்போது வரும் என்று கேட்க.

பேட்டரி இன்னொரு தலைவலி. பென்டார்ச் செல் இரண்டு போடவேண்டும், தீரப்போகிறது என்று முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்கு மூடி திறக்காமல் திரையும் இருண்டு கிடக்க, குடும்பமே சுற்றி நின்றோம். மகன் சுத்தியல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், சுத்தியலின் கடைசி அடியும் அந்த 39-இல் ஒன்று என்று சொல்லி உட்கார வைத்தேன். மூடிமேல் இருக்கிற அறையைத் திறந்து புது செல் போட்டதும் திறந்துகொண்டது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு நான்கு நாள் கழித்து 'பேட்டரியை மாற்றிப் பார்க்கவும்' என்று பதில் வந்தது. வாங்குகிறவர்கள் ஸ்பேர் செல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் வீட்டுக்காரிக்கு இன்னும் புகார் இருக்கிறது. யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுதுக்கு முன்பே இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே சட்டியில் போட்டு மெல்லிய சூட்டில் ராத்திரி பூரா விட்டுவிட்டு மறுநாள் மதியம் சாப்பிடுவார்கள், சோலன்ட் என்று பெயர். இதைக் கேட்டதும் சனிக்கிழமையே புளிசோறு கிளறி வைத்துவிட்டாள், ஞாயிறு மதியம் அதுவும் தயிரும்தான், நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி நானும் மகளும் அரிசிம்பருப்பு வைக்கிறோம், சுமார்தான்.

திறக்கிற நேரத்துக்கு டைமரைப் பார்ப்பதில்லை இப்போதெல்லாம். சபத் முடிந்தது என்பதற்கு அவர்கள் கணக்கு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிவது, அதனால் மகன் மொட்டை மாடிக்குப் போய் எண்ணிக்கொண்டு வருவான், ஊர் வெளிச்சத்தில் சில நாள் மூன்றுக்கே முக்கால் மணி நேரம் ஆகும். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு மூன்றுதானா, நான்கு போடுங்கப்பா, நேற்று நான் நான்கு பார்த்தேன் என்கிறான். அவன் பார்த்த நான்காவது கோவைக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானம். மூன்றுதான்.